பெஞ்சை நகர்த்தியது நான்

வாக்குமூலம் கொடுப்பவர்: சூடாமணி, வயது 71, காலஞ்சென்ற ஸௌந்தரராஜனின் மனைவி, ஓய்வுபெற்ற கணித ஆசிரியை, தெற்கு மாட வீதி, சின்ன காஞ்சிபுரம்.
நாள்: 09.02.2025, ஞாயிற்றுக்கிழமை, பகல் 11.40 மணி.
பதிவு செய்தவர்: உதவி ஆய்வாளர் மாணிக்கவேல். எழுதியவர்: பெண் காவலர் பொன்னி.

நான் மேலே கண்ட விலாசத்தில் நாற்பத்தாறு வருடங்களாகக் குடியிருக்கிறேன். என்னை யாரும் அழைத்து வரவில்லை. இன்று காலை நெசவாளர் தெருவில் நடந்த விபத்துக்காக அருள் என்பவரை இந்த நிலையத்தில் வைத்திருப்பதாக அறிந்து, நானே ஆட்டோ பிடித்து வந்து இதைச் சொல்கிறேன். அருளுக்கு வயது 26. வாலாஜாபாத் பக்கத்து விவசாயக் குடும்பம். வாரநாட்களில் ஒரு கல்லூரிப் பேருந்து ஓட்டுகிறார். அஜாக்கிரதையாக வண்டி ஓட்டி ஒரு பெண்ணின் கையை முறித்ததாக அவர் மீது வழக்குப் பதிவானால் அந்த வேலை போய்விடும். அது அவர் செய்த தவறு அல்ல என்பதைச் சொல்லவே வந்தேன்.

நாங்கள் நான்கு பேர் சேர்ந்து 'ஈரச்சாக்கு' என்ற பெயரில் ஒரு இசைக்குழு நடத்துகிறோம். அந்தப் பெயரை வைத்தது நான் அல்ல. பாடுவது ஸ்ரீவல்லி, எங்கள் வீட்டிலிருந்து இரண்டு வீடு தள்ளி இருக்கும் பெண். பேஸ் கிடார் வாசிப்பது திரிஷா. டிரம்ஸ் வாசிப்பதும் வேன் ஓட்டுவதும் அருள். கீபோர்டு வாசிப்பது நான். நான் கான்வென்டில் எட்டு வருடம் பியானோ பயின்றேன். என் கணவர் காலமான பிறகு வீட்டில் இருந்த பழைய பியானோவைத் தினமும் வாசித்துவந்தேன். அதை வாசலில் நின்று கேட்டு ஸ்ரீவல்லி மூன்று வருடங்களுக்கு முன் என்னிடம் வந்தாள். பாட்டுகள் எங்களுடையவை. சினிமாப் பாட்டு வாசிப்பதில்லை என்பதால் கல்யாணங்களுக்கு எங்களைக் கூப்பிடுவதில்லை. காப்பிக் கடை மாடி, கல்லூரி விழா, சிறு அரங்கு இவற்றில்தான் வாசிக்கிறோம்.

"இதெல்லாம் எழுதணுமாம்மா?" என்று உதவி ஆய்வாளர் கேட்டார். எழுத வேண்டும் என்றேன்.

எங்கள் குழுவில் ஒரு நிபந்தனை உண்டு. அவரவர் வாத்தியத்தை அவரவரே தூக்க வேண்டும். உதவிக்கு ஆள் வைத்துக்கொள்ளும் நிலையில் நாங்கள் இல்லை. நான் சேர்ந்த அன்று ஸ்ரீவல்லி, "மாமி, உங்களுக்கு மட்டும் நாங்க தூக்கறோமே" என்றாள். கீபோர்டை எடுத்துக்கொண்டு படி ஏற முடியாத நாளில் நானே விலகிக்கொள்வேன், அதுவரை யாரும் அதைத் தொடக்கூடாது என்று சொன்னேன். மூன்று வருடமும் அப்படித்தான் நடந்தது.

கடந்த மாதம் 29ஆம் தேதி புறப்பட்டுப் புதுச்சேரி, திருவண்ணாமலை, சேலம், ஓசூர், பெங்களூர், வேலூர் ஆகிய ஊர்களில் வாசித்தோம். சேலத்தில் பத்தொன்பது பேர் வந்திருந்தார்கள். அவர்களில் நான்கு பேர் கடைச் சிப்பந்திகள். ஓசூரில் மூன்றாவது பாட்டின் நடுவில் யாருக்கோ பிறந்தநாள் கேக் வெட்டினார்கள், அதற்கு ஏற்றாற்போல் ஏதாவது வாசிக்கும்படி முதலாளி கையைக் காட்டினார், நாங்கள் வாசித்தோம். பெங்களூரில் ஒலி அமைப்பாளர் நான் துணைக்கு வந்தவள் என்று நினைத்துக்கொண்டு, என் கீபோர்டின் ஒலியைக் கடைசிவரை திறக்கவே இல்லை. ஒரு மணி நேரம் நான் வாசித்தது யாருக்கும் கேட்கவில்லை. அருள்தான் பிறகு அவரிடம் போய், "இன்னாபா, அவங்க இன்னா கொலு பொம்மையா?" என்று சண்டை போட்டார். பெரும்பாலும் வேனில் உட்கார்ந்தபடியே தூங்கினோம். வழியில் பெண்கள் இறங்குவதற்குத் தகுந்த இடம் கிடைக்காது என்பதால் பிற்பகல் நான்கு மணிக்கு மேல் நான் தண்ணீர் குடிப்பதில்லை. கழுத்தில் ஈரத்துணி போட்டுக்கொண்டு, இட்லியும் வாழைப்பழமுமாகப் பதினோரு நாள் கழிந்தது.

திருவண்ணாமலையில் இரண்டாவது மாடிக்குக் கீபோர்டைத் தூக்கியபோது என் வலது முழங்காலில் ஏதோ பிசகியது. அதன் பிறகு பத்துப் பதினைந்து அடி நடந்தால் கால் மடங்காமல் நின்றுவிடும். இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. வேனிலிருந்து எல்லோரும் இறங்கிய பிறகு கடைசியாக இறங்கினேன். படிகளில் ஏதோ மறந்ததுபோல் நின்று பையைத் துழாவினேன். எவருக்கும் தெரியவில்லை என்று நினைத்திருந்தேன்.

நேற்று வேலூரில் வாசித்து முடித்ததும் திரிஷா அங்கே தன் அக்கா வீட்டில் தங்கிவிட்டாள். மற்ற மூவரும் ஓய்வெடுத்துக்கொண்டு, இன்று விடியற்காலை நாலே காலுக்குப் புறப்பட்டோம். அருள் புறப்படும் முன் ஆறு மணி நேரம் தூங்கினார். அவர் மது அருந்துபவர் அல்ல. ஸ்ரீவல்லி பின் இருக்கையில் பெட்டிகளுக்கு நடுவே படுத்துத் தூங்கிவிட்டாள். நான் முன் இருக்கையில் இருந்தேன். சுமார் 5.50 மணிக்கு நெசவாளர் தெருவின் முனைக்கு வந்தோம். அந்தத் தெரு வழியாகப் போனால் மாட வீதிக்கு மூன்று நிமிடம். ஓரிக்கைப் பக்கம் சுற்றினால் இருபது நிமிடம். தெருவின் குறுக்கே ஒரு மர பெஞ்சு போடப்பட்டிருந்தது.

இந்த ஊரில் இருப்பவர்களுக்கு அந்த பெஞ்சின் அர்த்தம் தெரியும். தறியில் ஏற்றுவதற்கு முன் பட்டு இழைகளைத் தெருவின் நீளத்துக்கு விரித்துக் கட்டி, அறுந்ததை முடிந்து, கஞ்சி தடவுவார்கள். அதற்குப் பாவு என்று பெயர். வெயில் ஏறுவதற்குள் முடிக்க வேண்டிய வேலை. அது முடியும்வரை சைக்கிள்கூட உள்ளே போகாது. எனக்கும் இது தெரியும்.

அருள் வேனை நிறுத்தி, "மாமி, பெஞ்சு போட்டுக்கீறாங்க. பாவு விரிச்சிக்கினு இருப்பாங்க. சுத்திக்கினு போயிடலாம்" என்றார். ஆறு மணி தாண்டினால் எங்கள் வீதியில் கோலம் போடுபவர்களும் பால் வாங்குபவர்களும் வாசலில் நிற்பார்கள். அவர்கள் முன்னால் காலை இழுத்துக்கொண்டு இறங்க எனக்கு இஷ்டமில்லை. அதனால், "நேத்திக்குப் போட்டதை எடுக்காம விட்டிருப்பா. பார்த்துட்டுப் போகலாம்" என்றேன். அதற்கு அருள், "நீங்க குந்துங்க மாமி, உங்களுக்குக் கால் முடியல. நான் பாத்துக்கினு வரேன்" என்றார்.

அவருக்குத் தெரிந்திருக்கிறது என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது. "என் காலுக்கு என்ன?" என்று கேட்டுவிட்டு, அவர் இறங்குவதற்குள் நான் இறங்கினேன். பெஞ்சை இடுப்பால் தள்ளிச் சுவரோரம் நகர்த்தினேன். தெரு அங்கிருந்து நாற்பது அடி தூரத்தில் ஒரு சிறிய பிள்ளையார் கோயிலை ஒட்டி வளைகிறது. வளைவுக்கு அப்பால் என்ன இருக்கிறது என்பது முனையிலிருந்து தெரியாது. நான் முதல் மின்கம்பம் வரை நடந்தேன். கால் நின்றுவிட்டது. கம்பத்தைப் பிடித்துக்கொண்டு சிறிது நேரம் நின்றேன். அருள் வண்டி விளக்குகளை அணைத்திருந்தார், தெருவிளக்கும் இல்லை, அதனால் நான் அங்கேயே நின்றது அவருக்குத் தெரியாது. வளைவைத் தாண்டிப் போய்ப் பார்த்தவளுக்கு எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம் நின்றேன் என்பதையும் எழுதிக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன். அதன் பிறகு திரும்பி வந்து ஏறினேன்.

அருள், "வளைவு தாண்டிப் பாத்தீங்களா மாமி?" என்று கேட்டார்.

"பார்த்தேன். ஒண்ணுமில்லை. போ" என்றேன்.

அவர் முதல் கியரில்தான் ஓட்டினார். வளைவில் திரும்பியதும் பிரேக் போட்டார். ஆனால் பாவு வளைவிலிருந்து ஆறடியிலேயே தொடங்கியிருந்தது. மாம்பழ மஞ்சளாக இருந்திருந்தால் விளக்கு வெளிச்சத்தில் தெரிந்திருக்கும். அது அரக்கு நிறம். முன் சக்கரங்கள் அதன் மேல் ஏறி, மொத்தப் பாவையும் இழுத்துக்கொண்டன. மறுமுனையில் கழியைப் பிடித்துக்கொண்டிருந்த துளசி என்பவர் முன்னால் இழுபட்டு, கழிக்கும் அதைத் தாங்கிய மரக்காலுக்கும் நடுவே அவருடைய வலது மணிக்கட்டு சிக்கியது. அவர் கத்தவில்லை. கையை மடியில் வைத்துக்கொண்டு தெருவிலேயே உட்கார்ந்துவிட்டார்.

அதன் பிறகு துளசியின் கணவர் குமரகுருவும் அக்கம்பக்கத்து ஆட்களுமாகப் பதினைந்து பேர் கூடினார்கள். அருளைக் கீழே இழுத்தார்கள். "கண்ணு இன்னா பொடனியிலயா இருக்குது?" என்று ஒருவர் அறைந்தார். ஒருவர் வாயை ஊதச் சொன்னார். குமரகுரு, "பெஞ்சு போட்டு வெச்சிருந்தோமே, பாவி! அதை எடுத்தது யாருடா?" என்று கேட்டார்.

"நாந்தாண்ணா" என்றார் அருள்.

நான் நான்கடி தூரத்தில், முன் இருக்கையில், கண்ணாடி இறக்கிய ஜன்னல் அருகே உட்கார்ந்திருந்தேன். அது எனக்குத் தெளிவாகக் கேட்டது. நான் ஒன்றும் சொல்லவில்லை. கூட்டத்தில் ஒருவர் என்னை அடையாளம் கண்டு, "டீச்சர்மா பா இவங்க. பெரியவங்க, பயந்து போயிருப்பாங்க, ஆட்டோல ஏத்தி அனுப்புங்க" என்றார். இரண்டு பெண்கள் என்னைக் கைத்தாங்கலாக இறக்கி ஆட்டோவில் ஏற்றினார்கள். நான் ஏறிப் போனேன்.

வீட்டுக்குப் போய்க் குளித்தேன். பெருமாளுக்கு விளக்கேற்றினேன். பதினோரு நாள் பூட்டியிருந்த வீட்டில் பால் இல்லாததால் கடுங்காப்பி போட்டுக் குடித்துவிட்டுப் படுத்தேன். தூங்கினேன் என்பதை மறைக்க விரும்பவில்லை. சுமார் ஒன்றரை மணி நேரம் தூங்கினேன்.

ஒன்பதரை மணிக்கு ஸ்ரீவல்லி இந்த நிலையத்திலிருந்து வந்து எழுப்பினாள். பிரேக் போட்டபோதுதான் விழித்தவள் என்பதால் அவளுக்கு நடந்தது தெரியாது. "பெஞ்சை அவனே நகர்த்தினானாம் மாமி. ஸ்டேஷன்லயும் அதையேதான் எழுதிக் கொடுத்திருக்கான். ஏன்டா அப்படிப் பண்ணினேன்னா வாயைத் திறக்கமாட்டேங்கறான். உங்ககிட்ட ஏதாவது சொன்னானா?" என்று அழுதாள். நான் அவளை உட்காரச் சொல்லி, பெஞ்சையும் மின்கம்பத்தையும் முழங்காலையும் பற்றி இங்கே சொன்ன வரிசையிலேயே சொன்னேன்.

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பிறகு, "வலிக்கறதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் தூக்கியிருப்பேனே மாமி" என்றாள். நீ தூக்குவாய் என்பது தெரிந்துதான் சொல்லவில்லை என்றேன். அதற்கு அவள், "அதுக்கு அவன் அடி வாங்கணுமா?" என்று கேட்டாள். இனி நான் அவர்களோடு பயணம் வருவதில்லை என்று அங்கேயே சொன்னேன். அவள் மறுக்கவில்லை.

அதன் பிறகு நாங்கள் இருவரும் மருத்துவமனைக்குப் போனோம். துளசிக்குக் கையில் மாவுக்கட்டுப் போட்டிருந்தார்கள். ஆறு வாரம் அசைக்கக்கூடாது என்று டாக்டர் சொன்னதாகத் தெரிந்துகொண்டேன். அவரிடமும் குமரகுருவிடமும் பெஞ்சை நகர்த்தியது நான் என்று சொன்னேன். குமரகுரு எழுந்து வராந்தாவுக்குப் போய்விட்டார். துளசி என்னை மேலும் கீழும் பார்த்தார். "பாவு போனா போவுதுமா, இன்னொண்ணு போட்டுக்கலாம். உங்க கண்ணு முன்னாலதானே அந்தப் புள்ளைய அடிச்சாங்க? வாயத் தொறந்து சொல்றதுக்கு இன்னா வந்துச்சி உங்களுக்கு?" என்றார். அங்கிருந்து நேராக இந்த நிலையத்துக்கு வந்தேன்.

இங்கே வந்தபோது அருள் உள்ளே தரையில் உட்கார்ந்திருந்தார். இடது காது வீங்கியிருந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்து, "நீங்க எதுக்கு மாமி வந்தீங்க? இவ்ளோ படி ஏறி?" என்றார். பெஞ்சை எடுத்ததாக ஏன் சொன்னாய் என்று அவரைக் கேட்டேன். "நீங்க இறங்கி வந்து அவங்ககிட்ட பேச்சு வாங்கணுமா? அதான்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துகொண்டார். அவர் கொடுத்த வாக்குமூலத்தில் பெஞ்சைப் பற்றிய பகுதி உண்மை அல்ல. நான் கேட்டுக்கொண்டு அவர் அப்படிச் சொல்லவில்லை.

இதுவரை எழுதியதை உதவி ஆய்வாளர் எனக்குப் படித்துக் காட்டினார். அதில், 'வயோதிகத்தினாலும் வெளிச்சக் குறைவினாலும் சரியாகப் பார்க்க இயலாமல் வழி இருப்பதாகச் சொல்லிவிட்டேன்' என்று ஒரு வரி இருந்தது. நான் அப்படிச் சொல்லவில்லை, அதை அடிக்க வேண்டும் என்றேன். "உங்களுக்குச் சாதகமாத்தாம்மா எழுதச் சொன்னேன். இந்த வயசுல உங்களை யார் கேக்கப் போறாங்க? அப்பிடியே இருக்கட்டும்" என்றார். என் இரண்டு கண்களிலும் புரை நீக்கி லென்ஸ் வைத்திருக்கிறது, பார்வை சரியாக இருக்கிறது, நான் போய்ப் பார்க்கவே இல்லை, பார்த்ததாகச் சொன்னேன் என்று மறுபடியும் சொன்னேன். தெரியாமல் சொன்னதாக எழுதினால் ஓட்டியவர் மீது பழி மிஞ்சும். பொன்னி அந்த வரியை அடித்து, நான் சொன்னபடி எழுதினார். அடித்த இடத்தில் என் சுருக்கொப்பம் இருக்கிறது.

யாருடைய தூண்டுதலும் இல்லாமல், நடந்ததை நடந்த வரிசையில் சொல்லியிருக்கிறேன். முழுவதையும் நானே ஒருமுறை படித்து, எழுத்துப் பிழைகள் இரண்டைத் திருத்தி, இது என் வார்த்தை என்று ஒப்புக்கொண்டு கையெழுத்திடுகிறேன். அருளை எப்போது வீட்டுக்கு அனுப்புவார்கள் என்று கேட்டதற்கு, ஆய்வாளர் வந்து இதைப் பார்க்க வேண்டும், மாலை ஆகலாம், நீங்கள் போகலாம் என்றார்கள். நான் போகவில்லை. அருள் வெளியே வரும்வரை இந்த நிலையத்தில் இருப்பேன்.

(ஒப்பம்) சூடாமணி
09.02.2025, பகல் 1.25 மணி