சங்கம் அனுப்பிய ஆள்

– அஞ்சு நிமிஷம்தான் கேக்குறேன், டெய்லரம்மா. அதுக்கு எதுக்கு இத்தனை இழுவை?

– எனக்குத் துணி வெட்டத் தெரியும், மேடையில பேசத் தெரியாது. மைக்கைப் பார்த்தாலே நாக்கு மேல்வாயில ஒட்டிக்கும். சங்கத்துச் செயலாளர் நீங்கதானே ஆணிக்கடைக்காரரே, நீங்களே பேசிடுங்க. இந்தத் திரைக்கு நான் ஓரம் அடிச்சு முடிக்கணும். நாளைக்கு மேடையில கட்டணுமா வேணாமா?

– கட்டணும், கட்டணும். தைச்சுக்கிட்டே கேளுங்க, சுருக்கமா சொல்றேன். வியாபாரிகள் சங்கத்துக்கு ஐம்பதாவது ஆண்டு விழா. மண்டபம் நிறைய வெளியாளுங்க வர்றாங்க. இத்தனை வருஷம் சங்கம் என்னத்தைக் கிழிச்சதுன்னு காட்டணும் இல்லையா? போட்டோ எல்லாம் பெருசா போட்டு வச்சாச்சு. முழங்கால் அளவுக்குச் சாக்கடைத் தண்ணி நின்ன தெரு, பக்கத்துலயே இப்போ இருக்குற தெரு. ஆனா போட்டோ பேசாது. ஆளு பேசணும். அதான் விஷயம்.

– பேச ஆளா இல்லை? மருந்துக்கடைக்காரர் வாயைத் திறந்தா மூடுறதுக்கு ரெண்டு பேர் வேணும்.

– அவர் அவரைப் பத்தியே பேசுவார். நீங்க பேசினா சனம் காது கொடுக்கும். பொம்பளைங்களுக்குக் கழிப்பறை கட்டின கதையைச் சொல்லுங்க.

– அது நல்ல கதைதான். அதுக்கு முன்னாடி, கடைக்கு வந்தா ஒரு வாய் தண்ணி குடிக்கவே யோசிப்போம். இந்தத் தெருவுல நானும் புத்தகக் கடை அக்காவும் மட்டும்தான் பொம்பளைங்க. இப்போ பாருங்க, பாதிக் கடையில கல்லாவுல உட்கார்ந்திருக்கிறது பொண்ணுங்கதான்.

– இதையே சொல்லுங்க. கைதட்டு அள்ளிடும்.

– நான் பேசுறதா இருந்தா இதைப் பேசமாட்டேன்.

– பின்னே?

– எங்க வீட்டுக்காரர் போனப்போ சங்கம் எனக்குச் செஞ்சதைப் பேசுவேன்.

– அது எதுக்குங்க இப்போ?

– எதுக்கா? சங்கம் செஞ்சதுலேயே பெரிய காரியம் அதுதான். இருங்க, சொல்லிப் பார்க்குறேன், சரியா வருதான்னு கேளுங்க. ‘எல்லாருக்கும் வணக்கம். எங்க வீட்டுக்காரர் வெட்டின துணியை மேசையிலேயே விட்டுட்டு நெஞ்சுவலின்னு ஆஸ்பத்திரிக்குப் போனவர், வீட்டுக்குத் திரும்பலை. மக அப்போ ரெண்டாங்கிளாஸ். சொந்தக்காரங்க எல்லாரும் கடையைக் கொடுத்துட்டு வந்துடுன்னாங்க. எங்க அண்ணன் ஒரு படி மேல போய், வாங்குற ஆளையே கூட்டிட்டு வந்துட்டார். எனக்கு வீம்பு. மாட்டேன்னுட்டு வந்து கடையைத் திறந்தேன். பகல்ல ஒண்ணும் தெரியலை, மிஷின் சத்தம் துணைக்கு இருந்துச்சு. சாயங்காலம் ஷட்டரை இறக்கணும். துருப்பிடிச்ச ஷட்டர், பாதியில மாட்டிக்கும். கொக்கியைக் கையில பிடிச்சுக்கிட்டு நின்னேன், இழுக்க மனசு வரலை. கனம்னு இல்லை. இறக்கிட்டா அவரை உள்ளே விட்டுட்டு நான் மட்டும் வெளியே வந்த மாதிரி ஆயிடும்னு ஒரு நினைப்பு. அப்போ எதிர்வரிசை ஆணிக்கடைக்காரர் வந்து நின்னார். தினம் ஒருத்தர் உங்க கடையை மூடிக் கொடுக்கணும்னு சங்கத்துல முடிவு பண்ணியிருக்கோம், இன்னைக்கு என் முறைன்னார்.’ எப்படி இருக்கு?

– நல்லா இருக்கு. ஆனா என்னைப் பத்தி எதுக்கு?

– உங்களைப் பத்தி இல்லை, சங்கத்தைப் பத்தி. கேளுங்க. ‘மறுநாளும் அவரேதான் வந்தார். மத்தவங்களுக்கு வேலைன்னார். அடுத்த நாள் பாத்திரக்கடைக்காரருக்கு முதுகு பிடிச்சுக்கிச்சுன்னார். அதுக்கடுத்த நாள் கண்ணாடிக்கடைக்காரர் வீட்டுல விருந்தாளின்னார். பாவம், தெருவுல எல்லாருக்கும் ஏதாவது ஒண்ணு. ஷட்டரை இறக்குவார், பூட்டை இழுத்துப் பார்ப்பார், மக புத்தகப் பையை வாங்கித் தோள்ல மாட்டிக்கிட்டு பஸ் நிறுத்தம் வரைக்கும் வருவார். கூடுதலா ஒரு வார்த்தை பேசினதில்லை. பஸ் கண்ணுக்கு மறையுற வரைக்கும் நிப்பார்.’

– அந்தக் கடைசி வரியை எடுத்துடுங்க.

– ஏன்?

– சனம் தப்பா எடுத்துக்கும்.

– இந்த வயசுக்கு மேல என்னத்தைத் தப்பா எடுக்கப் போகுது? நரைச்ச தலை ரெண்டு. மிச்சத்தையும் கேளுங்க. ‘மழை பெஞ்சாலும் வருவார், காய்ச்சல்னாலும் மப்ளரைச் சுத்திக்கிட்டு வருவார். மக உயரமாகி, பையைத் தானே தூக்குற வரைக்கும் வந்தார். அப்புறம் சங்கத்துக்குப் புதுச் செயலாளர் வந்தார். எல்லாக் கடை ஷட்டருக்கும் மோட்டார் போடணும்னு தீர்மானம் கொண்டு வந்தார்.’ அந்தப் புண்ணியவான் யாருன்னு ஞாபகம் இருக்கா?

– நான்தான். பாத்திரக்கடைக்காரருக்குத் தோள்பட்டை இறங்கிப் போச்சு, வயசானவங்க பாதிப் பேர் திணறினாங்க. எல்லாருக்கும் போடும்போது உங்க கடையை மட்டும் எப்படி விடுறது?

– விட்டிருக்கலாம்.

– என்ன சொல்றீங்க?

– விட்டிருக்கலாம்னேன். பட்டனை அமுக்கினா வழுக்கிக்கிட்டு இறங்குது. அமுக்குறதுக்கு முன்னாடி தெருவைப் பார்ப்பேன். எதிர்ல நீங்களும் உங்க பட்டன்ல கையை வச்சுக்கிட்டு நிப்பீங்க. தலையாட்டுவீங்க. நானும் ஆட்டுவேன். தனியா பஸ்ஸுக்கு நடப்பேன். மக படிச்சு, கல்யாணம் ஆகி, வெளிநாடு போயாச்சு. நாம இன்னும் தலையாட்டிக்கிட்டுத்தான் இருக்கோம்.

– இதையுமா மேடையில சொல்லப் போறீங்க?

– இல்லை. இது உங்களுக்கு.

– எங்கம்மா அப்போ படுத்த படுக்கை. உங்க வீட்டுக்காரர் எனக்கு ஒண்ணா டீ குடிச்ச சிநேகிதர். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? சரி, நான் கிளம்புறேன். நாற்காலிக்காரர் மண்டபத்துல காத்துக்கிட்டு இருப்பார்.

– இருக்கட்டும், உட்காருங்க. அடுத்த வாரம் நான் மக வீட்டுக்குப் போறேன். பேறுகாலம், துணைக்கு ஆள் இல்லை. கடைச் சாவியைப் பக்கத்துக் கடை எம்பிராய்டரிக்காரிகிட்ட கொடுக்கிறதாச் சொல்லிட்டேன். மக என்னைத் திருப்பி அனுப்புவாளான்னு சொல்ல முடியாது. நாளைக்கு விட்டா வேற நாள் கிடையாது. சங்கத் தலைவர் மேடையில இருப்பார். எனக்கு ஆள் அனுப்பினதுக்கு, எல்லாரும் பார்க்க அவர் கையைப் பிடிச்சு நன்றி சொல்லப் போறேன்.

– வேணாம்.

– ஏன் வேணாம்?

– கழிப்பறையையே சொல்லுங்க.

– ஏன்னு கேட்டேன்.

– தலைவருக்கு வயசாச்சு. ஞாபகம் இருக்காது. மேடையில அவரைத் தர்மசங்கடத்துல விட்ட மாதிரி ஆயிடும்.

– அவருக்கா ஞாபகம் இருக்காது? முதல் விளக்குக் கம்பம் நட்டப்போ யாரு என்ன சட்டை போட்டிருந்தாங்கன்னு இன்னைக்கும் சொல்வார்.

– டெய்லரம்மா, சொன்னாக் கேளுங்க.

– கேக்குறேன். மிஷினையும் நிறுத்திட்டேன்.

– சங்கத்துல அப்படி ஒரு முடிவே எடுக்கலைங்க. முறையும் கிடையாது, ஒண்ணும் கிடையாது. பாத்திரக்கடைக்காரருக்கு முதுகுவலியும் இல்லை. நானா வந்தேன். நானா வந்தேன்னு சொல்லியிருந்தா நீங்க வேணாம்னிருப்பீங்க, தெருவும் சும்மா இருந்திருக்காது. அதான் சங்கத்துப் பேரைச் சொன்னேன்.

– தெரியும். முதல் மாசமே தலைவர் கடைக்குப் போய் நன்றி சொன்னேன். எதுக்கும்மான்னு கேட்டார்.