மருந்துத் தண்ணீர்

முதலில் இந்தக் கடலைமிட்டாயை எடுத்துக்கொள்ளுங்கள், ஐயா. கோவில்பட்டிக்கு வந்துவிட்டு வாயில் ஒன்றும் போடாமல் விசாரணை நடத்தினால் எனக்குத்தான் பாவம்.

நான் பூவனலிங்கம். ஊருக்குக் கிழக்கே தீப்பெட்டி ஆபீஸ் வைத்திருக்கிறேன். குச்சித் தலையை முக்குகிற கலவைக்கு எங்கள் பக்கம் மருந்து என்றுதான் பெயர். மருந்துச் சட்டி கழுவிய தண்ணீர் ஓடை வழியாக ஊருணிக்குப் போனது வாஸ்தவம். ஆனால் நீங்கள் காகிதத்தில் 'விஷம்' என்று எழுதியிருக்கிறீர்களே, அதுதான் மனசைச் சுடுகிறது. பேச்சு வந்த நாளிலிருந்து அதை மருந்து என்றே சொல்லி வளர்ந்தவன் நான்.

போன வருஷம், தொண்ணூற்றேழில், உங்கள் மாசுக் கட்டுப்பாட்டு ஆபீஸ் ஆட்கள் வந்து கழிவுக்குத் தொட்டி கட்டச் சொன்னார்கள். கட்டினேனே! வெள்ளையடித்து, பக்கத்தில் துளசிகூட வைத்தேன். அடியில் ஓடைக்கு ஒரு குழாய் விட்டிருந்தேன். அதை அவர்கள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

ஊருணிப் பாதுகாப்புக் கமிட்டித் தலைவரும் நான்தான். கரையில் சோப்புப் போட்ட இசக்கியம்மாளைக் கோயில் வாசலில் நிறுத்தி மன்னிப்புக் கேட்க வைத்தேன். தண்ணீர் விஷயத்தில் எனக்குத் தாட்சண்யம் கிடையாது.

சித்திரையில் ஊருணி வற்றி, கிடந்த தண்ணீர் மஞ்சளானது. என் பசு இரண்டையும் தொழுவத்தோடு கட்டிப்போட்டேன். வீட்டுக்குக் கயத்தாற்றிலிருந்து லாரித் தண்ணீர் வரவழைத்தேன். முன்ஜாக்கிரதை குற்றமா, ஐயா? ஊருக்கும் சொல்லியிருக்கலாம்தான். யாராவது கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

வேலுத்தாய் கேட்டாள். ஆடு மேய்த்துப் பிழைக்கிற ஒண்டிக்கட்டை.

"அண்ணாச்சி, தண்ணி மஞ்சளா கெடக்கே. ஆட்டுக்குக் காட்டலாமா?"

"கொஞ்சம் மருந்து கலந்திருக்கு தாயி. ஒண்ணும் செய்யாது."

"அப்பம் நோய்நொடி அண்டாதுன்னு சொல்லுதீய," என்று சிரித்தாள்.

நான் ஒரு பொய் சொன்னேனா? ஆட்டுக்குக் காட்டினாள், குடத்திலும் மொண்டு போனாள். பதினோரு ஆடும் ஒரே நாளில் சரிந்தன. அவள் ஒன்பதாம் நாள் பெரியாஸ்பத்திரியில் போனாள். முதல் மாலை நான் போட்டதுதான். வருத்தம் இல்லாமலா போடுவேன்?

இது என்ன பாட்டில்? அவள் குடத்தில் மிச்சம் இருந்ததா?

"மருந்துதான அண்ணாச்சி, ஒரு மடக்குக் குடிங்க" என்கிறீர்கள். சரியான குறும்புக்காரர் நீங்கள். உடம்புக்கு ஒன்றும் இல்லாதபோது மருந்து சாப்பிடுகிற பழக்கம் எனக்கு இல்லை, ஐயா.