மஞ்சள் கைப்பிடி

— மறுபடியும் மூட மாட்டேங்குதே, என்னங்க.

— மூடாதுதான். நான் இன்னும் மூடவே சொல்லலையே!

— விடிஞ்சதுலேருந்து இந்தக் கார் டிக்கியோட மல்லுக்கட்டுறீங்க. முக்குல இருக்கிற மெக்கானிக்கைக் கூப்பிட்டா...

— மெக்கானிக்கா? ஒரு ஆபீசையே மேய்ச்சவன் நான். ஒரு கொக்கியை மேய்க்க மாட்டேனா? சிம்பிள் கணக்கு. மேல மூடியில பூட்டு, கீழ வளையம். ரெண்டும் மூஞ்சியைத் திருப்பிக்கிட்டு நிக்குது. அவ்வளவுதான்.

— வளையத்துல கீறலெல்லாம் இடது பக்கமே இருக்கு. அப்ப அதை இடது பக்கம் தள்ளினா...

— நீ சும்மா இரு. ம்... இடது பக்கம் தள்ளணும்னு எனக்கு அப்பவே தோணுச்சு.

— உங்களுக்குத் தோணாம இருக்குமா.

— தள்ளியாச்சு. போல்ட்டை முறுக்கறதுக்கு முன்னாடி ஒரு தடவை பார்க்கணும். இரு, தொண்டை காயுது, தண்ணி குடிச்சிட்டு வந்துடறேன். ஸ்பானரைத் தொட்டுடாதே.

— எனக்கு எதுக்குங்க அதெல்லாம்.

— ...வந்துட்டேன். ஏய், கார் ஷெட் ஷட்டரை ஏன் தூக்கி வெச்சிருக்கே? இறக்கு.

— புழுங்குதுங்க.

— இறக்குன்னா இறக்கு. போற வர்றவனெல்லாம் எட்டிப் பார்ப்பான். உன் போன் எங்கே?

— சமையல்கட்டுல. நீங்கதானே வெச்சுட்டு வரச் சொன்னீங்க.

— நல்லது. இப்ப டார்ச்சை எடுத்துக்கிட்டு டிக்கிக்குள்ள ஏறிப் படு. நான் மூடறேன். எங்கே இடிக்குதுன்னு உள்ளேயிருந்து பார்த்துச் சொல்லு.

— நானா?

— பின்னே, பக்கத்து வீட்டுக்காரியையா கூப்பிட முடியும்?

— உள்ள மாட்டிக்கிட்டா இழுக்கன்னு இங்கே ஒரு மஞ்சள் கைப்பிடி தொங்குமே, எங்கே?

— கழட்டிட்டேன். சும்மா ஆடிக்கிட்டுக் கிடந்துச்சு.

— ஓ.

— என்ன ஓ? ஏறு.

— எதைப் பார்க்கணும்னே எனக்குப் புரியலைங்க. நான் ஏதாவது உளறி வெச்சா உங்க கணக்கு தப்பாயிடும். ஒரே ஒரு தடவை நீங்க படுத்துக் காமிங்களேன்.

— இதுக்குக்கூட நான்தான் பாடம் எடுக்கணும். தள்ளு... பார்த்துக்கோ. முழங்காலை மடக்கணும். தலை இந்தப் பக்கம். எனக்குத்தான் கொஞ்சம் இடிக்குது. உனக்கு அளவெடுத்த மாதிரி இருக்கும். நேத்தே பார்த்துட்டேன்.

— அளந்தே பார்த்துட்டீங்களா?

— எதையும் அளந்துதான் செய்வேன். இப்ப மூடியை இறக்கு. பயப்படாதே, பூட்டாது. போல்ட்டு இன்னும் லூஸாத்தான் இருக்கு.

— இப்படியா?

— இன்னும் கொஞ்சம்... இன்னும்... ஏய்! பூட்டிக்கிச்சு!

— ஆமாங்க, பூ மாதிரி உக்காந்துடுச்சு. நீங்க தண்ணி குடிக்கப் போனப்ப போல்ட்டை நான் முறுக்கிட்டேன்.

— அறிவிருக்கா உனக்கு? திற! டிரைவர் சீட்டுக்குப் பக்கத்துல லீவர் இருக்கு பார், அதை இழு!

— கையை வெச்சுட்டேங்க. இழுக்கறதுக்கு முன்னாடி ஒண்ணே ஒண்ணு. காலையில பக்கத்து வீட்டு அக்கா என்னைப் பார்த்ததும் பேயைப் பார்த்த மாதிரி நின்னாங்க. "நீ ஊருக்குப் போயிட்டே, இனிமே வரமாட்டேன்னு உன் வீட்டுக்காரர் நேத்தே சொன்னாரே"ன்னாங்க. சொல்லுங்க, நான் எந்த ஊருக்குங்க போயிருக்கேன்?