டுரியான் பேயின் நடை

இந்த நாற்காலி நல்ல நாற்காலி, இன்ஸ்பெக்டர். முழுக்க மரம். இப்போதெல்லாம் அரசாங்க அலுவலகங்களில் இரும்பு நாற்காலிதான் போடுகிறார்கள். எந்த அறைக்குள் போனாலும் இரும்பு எங்கே இருக்கிறது என்று முதலில் பார்ப்பது எனக்குப் பழகிவிட்டது. தொழில் அப்படி.

தச்சர் ஆ செங்கை விட்டுவிடுங்கள். அதைச் சொல்லத்தான் வந்தேன். பரண் சரிந்ததற்கு அவர்தான் காரணம் என்று எங்கள் முதலாளி புகார் கொடுத்திருக்கிறார். நீங்களும் காலையிலிருந்து அந்த மனிதரை வெளியே பெஞ்சில் உட்கார வைத்திருக்கிறீர்கள். அவர் வேலையில் ஒரு குறையும் இல்லை. அடுத்தவன் தலையில் அநியாயமாகப் பழி விழுவதைப் பார்த்துக்கொண்டிருக்க என்னால் முடியாது. என் அப்பா ரயில்வேயில் பெரிய உத்தியோகத்தில் இருந்தவர். பிள்ளைகளை அப்படித்தான் வளர்த்தார். பெயரை எழுதிக்கொள்ளுங்கள், சண்முகரத்தினம்.

பிரிக்பீல்ட்ஸில் ஒரு கடைவீட்டு மாடியில் எங்கள் ஸ்டூடியோ இருக்கிறது. தொலைக்காட்சிக்குக் கார்ட்டூன் செய்கிறோம். போன வருஷம் முதலாளி வெளிநாட்டிலிருந்து ஓர் இயந்திரம் வரவழைத்தார். ஒரு மனிதனின் மூட்டுகளில் சின்னச் சின்ன உணரிகளைக் கட்டி ஒயர்களைக் கணினியில் செருகிவிட்டால், அவன் கையைத் தூக்கும்போது திரையில் இருக்கும் கோட்டுருவமும் கையைத் தூக்கும். அந்தக் கோடுகளின் மேல் நாங்கள் வேண்டிய உடம்பைப் போர்த்திக்கொள்வோம். மோஷன் கேப்சர் என்று பெயர். தடித்த கையேட்டை உட்கார்ந்து படித்து, அதை முதலில் கற்றுக்கொண்டவன் நான்தான். மற்றவர்களுக்குப் பொறுமை கிடையாது.

அது காந்தத்தால் வேலை செய்யும் இயந்திரம். பக்கத்தில் இரும்பு இருந்தால் உருவம் காய்ச்சல் வந்ததுபோல் நடுங்கும். சிமெண்டுத் தரைக்குள்ளும் கம்பி இருக்கிறதல்லவா? அதனால் தரையை விட்டு உயரத்தில் மரமேடை போடச் சொன்னேன். ஆணி கூடாது, எல்லாம் மரமுளைதான் என்றேன். ஆ செங் அப்படியே கட்டிக்கொடுத்தார்.

டுரியான் மரத்தில் குடியிருக்கும் ஒரு பேய், மனிதர்களைக் கண்டால் பயந்து ஓடும். பிள்ளைகளுக்கான தொடர் அது. இயந்திரத்தைச் சோதித்துப் பார்க்க முதலில் பேயாக நடந்தவன் நான்தான். என் நடை அப்பாவின் நடை. நெஞ்சை நிமிர்த்தி, கைகளைப் பின்னால் கட்டி, பாதங்களை அகட்டி வைத்து நடப்பது. ஸ்டேஷனில் அப்பா அப்படி வந்தால் கூலியாட்கள் ஒதுங்கி நிற்பார்கள். திரையில் முகம் தெரியவில்லை, சட்டை தெரியவில்லை. வெறும் கோடுகள் நடந்தன. கணக்குப் பார்க்கும் பூரணம் எட்டிப் பார்த்துவிட்டு, "ஐயோ, இது நம்ம சண்முகம் அண்ணேதான்லா. வாத்து மாதிரியே போறாரு" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

பிறகு முதலாளி ரெங்கசாமியைக் கூட்டிவந்தார். கிள்ளான்காரன். பகலில் ரப்பர் கையுறைத் தொழிற்சாலையில் வேலை, கோயில் திருவிழாவிலும் கல்யாணத்திலும் கோமாளி ஆட்டம். படிப்பு கிடையாது. அதை நான் குறையாகச் சொல்லவில்லை. எனக்கு அந்த வேற்றுமையெல்லாம் இல்லை. இல்லாவிட்டால் ஒரு தோட்டத்துக் கூலியின் பேரனுக்கு நான் தினமும் கால்முட்டியில் ஒயர் கட்டிவிட்டிருப்பேனா?

"பேய் எப்படி நடக்கணும் பாஸ்?" என்று முதல் நாள் கேட்டான். யாரும் பதில் சொல்வதற்குள் ஓரக்கண்ணால் என்னைப் பார்த்தான். கைகளைப் பின்னால் கட்டினான். நடந்தான். அறையே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. முதலாளி, "இதான்லா பேய்" என்றார். அதோடு முடிவாகிவிட்டது. ரெங்கசாமி என்னிடம் வந்து, "கோவிச்சுக்காதீங்க அண்ணே, உங்க நடைல ஒரு களை இருக்கு" என்றான். பரவாயில்லை என்றேன். தொடர் ஒளிபரப்பான பிறகு என் தங்கையின் பிள்ளைகள் எங்கள் வீட்டு ஹாலில் அப்படி நடந்து காட்டினார்கள். அது என் நடை என்றுகூட அவர்களுக்குத் தெரியவில்லை. அப்பாவின் படம் அந்தச் சுவரில்தான் மாட்டியிருக்கிறது. அதுவும் பரவாயில்லை. நடந்த சம்பவத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. அதைத் தெளிவாக எழுதிக்கொள்ளுங்கள்.

உங்கள் மேசையில் நான் கொண்டுவந்து வைத்த அந்தத் தாயத்து ரெங்கசாமியுடையது. அவன் மனைவி மாரியாயி வேண்டிக்கொண்டு இடுப்பில் கட்டிவிட்டது. கழற்றவே மாட்டேன் என்றான். உலோகம் இருந்தால் படம் கெடும், கழற்றாவிட்டால் வேலையை விட்டுப் போய்விடு என்றேன். அந்த அளவு செம்பு இயந்திரத்தை ஒன்றும் செய்யாது என்று எனக்குத் தெரியும். ஆனால் விதி என்றால் எல்லாருக்கும் ஒன்றுதானே. அன்றிலிருந்து ஒவ்வொரு முறையும் அவிழ்த்து என் கையில் கொடுத்துவிட்டுத்தான் மேடை ஏறுவான்.

இனி காரணத்துக்கு வருகிறேன். கடைசிப் பகுதியில் பேய் மரத்திலிருந்து விழ வேண்டும். மேடையை ஒட்டி ஆளுயரத்துக்கு மேல் ஒரு பரண் கட்டி, ஒரு பக்கம் மெத்தை போட்டோம். ஆனால் விழப்போகிறோம் என்று தெரிந்தவன் உண்மையில் விழுவதில்லை. உடம்பு முன்கூட்டியே தயாராகிவிடும், கை முன்னால் வந்துவிடும். மனிதக் கண் ஏமாறலாம், கோடுகள் ஏமாறாது. கலை என்றால் பொய் இருக்கக் கூடாது. எனக்கு ஓர் உண்மையான விழுகை வேண்டும். அவ்வளவுதான்.

எல்லாரும் மதியச் சாப்பாட்டுக்கு வாழையிலைக் கடைக்குப் போயிருந்தபோது, மெத்தை இல்லாத பக்கத்து முளைகளை உருவி என் பையில் போட்டுக்கொண்டேன். சுலபமாக வரவில்லை. ஆ செங் அவ்வளவு இறுக்கமாக அடித்திருந்தார். எல்லாரும் திரும்பி வந்த பிறகு ரெங்கசாமியை ஏறச் சொன்னேன். "இப்ப விழ வேணாம், அந்த ஓரத்துல சும்மா நில்லு, அளவு பார்க்கணும்" என்றேன். நின்றான். பதிவுப் பொத்தானை முன்பே அழுத்தியிருந்தேன். பரண் சாய்ந்தது. அவன் முதுகு தரையில் பட்ட சத்தம் கீழே கடைவரை கேட்டதாம்.

மற்றவர்கள் அவனிடம் ஓடினார்கள். நான் முதலில் கோப்பைச் சேமித்தேன். சேமிக்காமல் எழுந்திருந்தால் அவன் விழுந்தது வீணாகியிருக்கும்.

இடுப்புக்குக் கீழே அவனுக்கு உணர்ச்சி இல்லை. இனிமேல் நடக்க மாட்டான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஞாயிற்றுக்கிழமைகளில் பழம் வாங்கிக்கொண்டு கிள்ளானுக்குப் போய்ப் பார்க்கிறேன். ஸ்டூடியோவிலிருந்து வேறு யாரும் போவதில்லை. மாரியாயி ஒவ்வொரு முறையும் அழுகிறாள். "தாயத்தக் கழட்டுனாரு, சாமி கைவிட்டுருச்சு. என்ன ஆனாலும் கழட்டாதீங்கன்னு நான் சத்தியம் வாங்கியிருக்கணும் அண்ணே. தப்பு என் மேலதான்." நான் மறுத்துப் பேசவில்லை. துக்கத்தில் இருப்பவர்களுக்கு ஏதாவது ஒரு காரணம் தேவைப்படுகிறது.

ரெங்கசாமி பேசுவது குறைந்துவிட்டது. கட்டிலில் கிடந்தபடி என் கால்களைப் பார்ப்பான். நான் அந்த அறையில் கொஞ்சம் கூடுதலாகவே நடப்பேன். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு ஜன்னல்வரை போய்த் திரும்பி வருவேன். அங்கே யாரும் சிரிப்பதில்லை.

அந்த விழுகையைப் படத்தில் சேர்த்தீர்களா என்று கேட்கிறீர்கள். இல்லை. முதலாளி அதைப் பார்க்கவே மறுத்துவிட்டார். அப்படியானால் பேய் விழும் காட்சிக்கு வேறு எதுவுமே எடுக்கவில்லையா என்கிறீர்கள்.

எடுத்தோம். அதற்கு முந்தின நாள். ரெங்கசாமி பரணின் விளிம்புவரை என் நடையில் வந்தான். நெஞ்சை நிமிர்த்தியபடி, கைகளைப் பின்னால் கட்டியபடி அப்படியே மெத்தையில் சாய்ந்தான். கடைசிவரை கைகளை விடுவிக்கவில்லை. அதில் பொய்யே இல்லை, இன்ஸ்பெக்டர். அதுபோல ஒன்றை இனி யாராலும் எடுக்க முடியாது. முதலாளி எழுந்து நின்று கைதட்டினார். பூரணம் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள், இன்னொரு முறை போடுங்கள் என்றாள். போட்டேன். எல்லாரும் வீட்டுக்குப் போன பிறகு அதை அழித்தேன்.

மறுநாள் ரெங்கசாமியிடம், நேற்று எடுத்தது கெட்டுப்போய்விட்டது, திரும்பவும் ஏற வேண்டும் என்றேன். "அதுக்கென்ன அண்ணே, உங்களுக்காக எத்தன தடவ வேணும்னாலும் விழுறேன்" என்று சொல்லிச் சிரித்துக்கொண்டே, இந்தத் தாயத்தை அவிழ்த்து என் கையில் கொடுத்தான்.