சிவப்புப் பெயின்ட் அடித்த ஜாக்கி

ஹைட்ராலிக் ஜாக்கியைப் படுக்கப் போட்டு வைக்கக் கூடாது. நிமிர்த்தித்தான் வைக்க வேண்டும். வேலை முடிந்ததும் பாரம் தூக்கும் தண்டை முழுக்க உள்ளே இறக்கிவிட வேண்டும். வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் தூசி ஒட்டும், துருப்பிடிக்கும், அடுத்த முறை இறங்கும்போது அந்தத் துரு உள்ளே போய், எண்ணெய் கசியாமல் காக்கும் ரப்பர் சீலைக் கிழிக்கும். எண்ணெய் இருக்கிறதா என்று பார்ப்பதும் தண்டு இறங்கிய நிலையில்தான். கூடலூரில் இதெல்லாம் தெரிந்தவர்கள் நிறையப் பேர் இருக்கலாம். தவறாமல் செய்கிறவன் நான் ஒருவன்.

சொந்தபந்தமெல்லாம் கூடியிருக்கும் இடத்தில், குலசாமி கோயில் வாசலில் நின்றுகொண்டு இவன் ஏன் ஜாக்கியைப் பற்றிப் பேசுகிறான் என்று நீங்கள் நினைக்கலாம். காரணம், சற்று முன்பு என் தங்கை வீட்டுக்காரர் செல்லப்பாண்டி எழுந்து சொன்ன முடிவுதான். அவர் மகள் திரிஷாவின் கல்யாணத்தன்று என் தம்பி பாண்டீஸ்வரனின் சீர் வண்டி ஜாக்கியிலிருந்து இறங்கிவிட்டதே, அதற்கு யாரும் பொறுப்பில்லை என்று அவர் முடித்துவைத்தார்.

"பாவம், அய்யாத்துரை மச்சானுக்கு வயசாயிருச்சு. ஜாக்கியக் கவனிக்காம விட்டுட்டாக. அதுக்காக அவுகளக் கூண்டுலயா ஏத்த முடியும்? விடுங்கப்பா. இனிமே அந்தச் சாமானெல்லாம் சின்னவன் வீட்டுலயே இருந்துட்டுப் போகட்டும்."

எல்லோரும் தலையாட்டினீர்கள். இரக்கத்தோடு ஆட்டினீர்கள். என்மீது கொலைப்பழி போட்டிருந்தால்கூட உட்கார்ந்தபடியே கேட்டிருப்பேன். ஜாக்கியைக் கவனிக்கவில்லை என்று சொன்னதால்தான் எழுந்து நிற்கிறேன்.

எங்கள் குடும்பம் குமுளி மலைப்பாதையில் ஏலத்தோட்டங்களுக்கு ஆள் ஏற்றி ஜீப் ஓட்டிய குடும்பம். பாதையில் எவன் வண்டி நின்றாலும் "அய்யாத்துரை வீட்டு ஜாக்கிய வாங்கிட்டு வாங்கடா" என்றுதான் ஆள் அனுப்புவார்கள். அது சும்மா கிடைத்த பெயர் இல்லை. புது எண்ணெய் ஊற்றினால் உள்ளே காற்று தங்கும். வால்வைத் திறந்து வைத்துப் பலமுறை அடித்து அந்தக் காற்றை வெளியேற்ற வேண்டும். நான் வெளியேற்றுவேன். ஒவ்வொரு முறையும் துடைத்து, தண்டுக்கு லேசாக எண்ணெய் தடவி, சாக்கால் மூடி வைப்பேன். அப்படிப்பட்டவனைப் பார்த்துக் கவனிக்கவில்லை என்றால், நடந்ததைச் சொல்வதைத் தவிர எனக்கு வேறு வழியில்லை.

என் ஷெட்டில் இரண்டு ஜாக்கிகள் இருந்தன. ஒன்று நான் சொன்ன நல்ல ஜாக்கி. மற்றது ஒரு காலத்தில் நன்றாக இருந்தது. பாண்டீஸ்வரன் அதை இரவல் வாங்கிப்போய், எண்ணெய் குறைந்திருக்கிறது என்று பிரேக் ஆயிலை ஊற்றிக் கொண்டுவந்தான்.

"அதுவும் ஆயில்தானண்ணே? ரெண்டும் ஒண்ணுதேன்," என்றான்.

ஒன்றில்லை. பிரேக் ஆயில் பட்டால் ஜாக்கியின் சீல் ஊதிக் கெட்டுவிடும். அன்றிலிருந்து அந்த ஜாக்கி அடித்தால் ஏறும், ஏறிய இடத்தில் நிற்பது போலவும் தெரியும், ஆனால் நிற்காது. அதை மூலையில் போட்டுவைத்திருந்தேன். அதாவது, தம்பி கெடுத்த பொருளைத் தம்பிக்காகப் பத்திரப்படுத்தி வைத்திருந்தேன்.

கல்யாண விஷயத்துக்கு வருகிறேன். தங்கை சொர்ணலதா வீட்டு விசேஷம் எதுவாக இருந்தாலும் தாய்மாமன் சீரில் முதல் மாலை எனக்குத்தான். மூத்தவன் நான். இதில் யோசிக்க எதுவுமே இல்லை. ஆனால் பாண்டீஸ்வரன் புதிதாக ஒரு மினி லாரி வாங்கினான். வாங்கியதிலிருந்து யோசிக்க ஆரம்பித்தான். பூக்கட்டி, ரேடியோ கட்டி, கட்டில் பீரோவோடு தான் கொண்டுபோகும் சீருக்குத்தான் முதல் மாலை என்று ஊரெல்லாம் சொன்னான். சொர்ணலதாவிடம் கேட்டேன். அவள் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டாள்.

"அண்ணே, ரெண்டு பேரும் எனக்கு ரெண்டு கண்ணு. என்னால ஒருத்தர ஒசத்தி ஒருத்தரத் தாழ்த்த முடியாது. யாரு மொதல்ல மண்டபத்துக்கு வாராகளோ, அவுகளுக்கே மொத மாலை."

என் ஜீப் பழையது. மேடு என்றால் யோசித்துத்தான் ஏறும். அவளுக்கு அது தெரியும். இருந்தாலும் நான் அவள்மேல் வருத்தப்படவில்லை.

கல்யாணத்துக்கு முந்தின நாள் பாண்டீஸ்வரன் என் ஷெட்டுக்கு வந்தான்.

"அண்ணே, ஒங்க ஜாக்கியக் குடுங்க. நம்ம வண்டியோடத எவனோ வாங்கிட்டுப் போயிட்டான்."

"புது வண்டிக்கு எதுக்குப்பா ஜாக்கி?"

"சும்மா ஒரு தொணைக்குத்தேன். நாளைக்கு நான் பறக்கப்போறேன்ல. ஒங்க ஜீப்பு உத்தமபாளையம் தாண்டுறதுக்குள்ள நான் மாலையப் போட்டுக்கிட்டுப் பந்தியில உக்காந்திருப்பேன். ஒங்களுக்கும் ஒரு எல போட்டு வைக்கவா?"

அவன் சிரித்தான். எனக்குச் சிரிப்பு எப்போதுமே கொஞ்சம் தாமதமாகத்தான் வரும். அன்று அது நான் ஷெட்டுக்குள் போன பிறகு வந்தது.

சாயங்காலம் வரச் சொல்லி அனுப்பிவிட்டு, மூலையில் கிடந்த ஜாக்கியை எடுத்தேன். மண்ணெண்ணெயில் கழுவினேன். சிவப்புப் பெயின்ட் அடித்தேன். இரவல் கொடுக்கும் பொருள் பார்க்க நன்றாக இருக்க வேண்டும். பிறகு என் ஜீப்பையே அதன்மேல் ஏற்றிச் சோதித்தேன். அச்சுக்கடியில் இரும்பு ஸ்டாண்டுகளை வைத்துவிட்டுத்தான் சோதித்தேன்; பாதுகாப்பு விஷயத்தில் நான் யாருக்காகவும் விட்டுக்கொடுப்பதில்லை. கண்ணுக்கே தெரியாமல் இறங்கியது. ஒரு டீ ஆறுகிற நேரத்தில் ஜீப் ஸ்டாண்டின்மேல் உட்கார்ந்திருந்தது. பாரம் ஏறிய வண்டியென்றால் டீ ஆறும்வரைகூடத் தாங்காது.

கொடுக்கும்போது எல்லாம் சொல்லித்தான் கொடுத்தேன். சமதளமான, கெட்டியான தரையில் வை. அடியில் பலகை போடு. ஹேண்ட்பிரேக் போட்டு, மற்ற சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கல் வை. அச்சில் முட்டுக் கொடு, தகரத்தில் கொடுக்காதே. கழற்றிய சக்கரத்தை வண்டிக்கடியில் படுக்கவை, ஜாக்கி கைவிட்டாலும் அது தாங்கும். என்ன ஆனாலும் ஜாக்கியை நம்பி அடியில் போகாதே. பாண்டீஸ்வரன் போனைப் பார்த்துக்கொண்டே "சரிண்ணே, சரிண்ணே" என்றான்.

ஒன்றை மட்டும் நான் சொல்லவில்லை. தூக்கும்போது வண்டியில் ஆள் இருக்கக் கூடாது. இதைச் சொல்லியிருக்கலாம். ஆனால் எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. சீர் வண்டி புறப்பட்ட பிறகு வழியில் நிற்காது. பழுதாகி நின்றாலும் சீர்த்தட்டு தரையில் படாது, தட்டெடுத்த பெண்கள் மண்டபம் சேரும்வரை கீழே இறங்க மாட்டார்கள். இறக்கிவிடு என்று நான் சொன்னால் அப்பா வைத்த வழக்கத்தை நானே குறை சொன்னதாகும். வாயை மூடிக்கொண்டேன்.

இதுவரை கேட்டவர்கள், அந்த டயர் பஞ்சரானது தெய்வச் செயல்தானே என்று எனக்காகப் பரிந்து பேசலாம். நன்றி. ஆனால் இன்று எதையும் மறைப்பதாக இல்லை.

மறுநாள் காலையில் வண்டி கிளம்பும்போது சக்கரங்களுக்கு எலுமிச்சம்பழம் வைத்தது நான்தான். மூத்தவன் செய்ய வேண்டிய காரியம் அது. பின்பக்க இடது சக்கரத்துக்கு வைக்கும்போது கொஞ்சம் அதிக நேரம் குனிந்திருந்தேன். தம்பியின் மனைவி முனீஸ்வரி, தாம்பாளத்தைக் கையில் வைத்துக்கொண்டு மேலிருந்து, "மாமா எம்புட்டு பக்தியா வைக்கிறாக பாருங்க," என்றாள். காற்றடிக்கும் வால்வுக்குள் சின்னதாக ஒரு பின் இருக்கும். அதைக் கொஞ்சம் தளர்த்தினால் போதும். கழற்றக் கூடாது, கழற்றினால் அங்கேயே தெரிந்துவிடும். உத்தமபாளையத்தில் காற்று இறங்கும் என்று கணக்குப் போட்டிருந்தேன். நல்ல டயர். கோம்பை தாண்டும்வரை தாங்கியது.

நான் நிதானமாகப் பின்னால் வந்தேன். கோம்பை தாண்டி, திராட்சைத் தோட்டத்தை ஒட்டிப் பாதை சரியும் இடத்தில் வண்டி நின்றுகொண்டிருந்தது. சரிவில் நிறுத்தியிருந்தார்கள். கல் வைக்கவில்லை. ஜாக்கியை வெறும் மண்ணில் வைத்திருந்தார்கள். கழற்றிய சக்கரத்தைச் சீரோடு வந்த தவில்காரர் போட்டு உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். வண்டிமேல் கட்டில், பீரோ, வாழைத்தார், இரண்டு கிடா, தட்டோடு நிற்கும் பெண்கள், எல்லாம் அப்படியே இருந்தன. நான் சொன்னதில் ஒன்றைக்கூட அவர்கள் செய்யவில்லை. எனக்கு உண்மையிலேயே மனம் வலித்தது.

ஸ்டெப்னி அடியில் மாட்டியிருக்கும் வண்டி அது. சங்கிலி இறுகிப்போய் டிரைவர் ஒச்சாண்டியால் அதைக் கழற்ற முடியவில்லை. "தள்ளுடா, நான் பாக்குறேன்" என்று பாண்டீஸ்வரன் பட்டு வேட்டியோடு உள்ளே நுழைந்திருக்கிறான். அப்போதுதான் ஜாக்கி தன் வழக்கப்படி இறங்கியிருக்கிறது. சக்கரம் மாட்டும் பிரேக் டிரம் அவன் முழங்காலுக்கு ஒரு சாண் தள்ளி மண்ணில் உட்கார்ந்தது. ஒரு சாண் என்பது போதுமான இடைவெளி. வேட்டியின் பெரும்பகுதி டிரம்முக்கு அடியில் போய்விட்டது. அவனுக்கு முழங்கையில் சிராய்ப்பு, அவ்வளவுதான்.

என் ஜீப் நெருங்கியபோது பேச்சு நடந்துகொண்டிருந்தது.

"வேட்டிய உருவிப் போட்டுட்டு வெளிய வாங்களேன்," என்றாள் முனீஸ்வரி, தட்டைச் சாய்க்காமல் எட்டிப் பார்த்து.

"வேணாம்டி."

"ஏன் வேணாம்? உசுரு பெருசா, வேட்டி பெருசா?"

"கேக்காதடி. இத்தன பொம்பளைக நிக்கிறாக. வேணாம்னா வேணாம்."

ஒச்சாண்டி குனிந்து விசாரித்தபோது அவன் காதில் சொன்ன காரணத்தை இந்தச் சபையில் நான் திருப்பிச் சொல்ல மாட்டேன். நம் குடும்ப மரியாதை எனக்கு முக்கியம்.

என் ஜீப்பின் சத்தம் தம்பிக்குத் தெரியும். அடியிலிருந்தே கத்தினான்.

"அண்ணே! இந்தச் சனியன் எறங்கிருச்சுண்ணே! ஒங்க ஜாக்கியக் குடுங்கண்ணே!"

வேகத்தைக் குறைத்தேன். நிறுத்தவில்லை. "தம்பி, சீர் வண்டி வழியில நிக்கக் கூடாதுப்பா. அப்பா சொன்னது மறந்துபோச்சா?" என்றேன்.

பக்கத்தில் இருந்த என் மனைவி மலையம்மாள் என் கையைப் பிடித்தாள். "ஏங்க, நிறுத்துங்க. கொழுந்தனாருதேன் அங்கன கெடக்காக."

"தெரியுது."

"நிக்க வேணாம். சீட்டுக்கடியில கெடக்குற ஜாக்கியத் தூக்கிப் போட்டுட்டாவது போங்க."

"ஓடுற வண்டியில இருந்து ஜாக்கிய எறியக் கூடாது," என்றேன். "சீல் அதிரும்."

அவள் என் கையை விட்டுவிட்டுப் பின்னால் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தாள். நான் பண்ணைப்புரம் மண்டபம் வரை பாதையைப் பார்த்து ஓட்டினேன்.

மண்டபத்தில் சொர்ணலதா ஆரத்தித் தட்டோடு நின்றாள். "தம்பிய எங்கண்ணே காணோம்?" என்று கேட்டாள். "பின்னால கொஞ்சம் ஓய்வா இருக்கான்," என்றேன். பொய் சொல்லவில்லை, படுத்துத்தான் இருந்தான். முதல் மாலை என் கழுத்தில் விழுந்தது. நல்ல ரோஜா மாலை.

அங்கே திராட்சைத் தோட்டத்தில் கொடி கட்டிக்கொண்டிருந்தவர்கள் ஓடிவந்து, சீரையெல்லாம் இறக்கித் தரையில் வைத்து, பெண்களையும் இறக்கிவிட்டு, வண்டியைக் கையாலேயே தூக்கியிருக்கிறார்கள். பாண்டீஸ்வரன் ஒச்சாண்டியின் லுங்கியைக் கட்டிக்கொண்டு மண்டபத்துக்கு வந்து சேர்ந்தான். சீர்த்தட்டைத் தரையில் வைக்கவிட்டவன் அவன். கூட்டம் போட்டு விசாரிப்பதானால் இதைத்தான் விசாரித்திருக்க வேண்டும். ஆனால் மூத்தவன் என்ற முறையில் அவனை மன்னித்துவிட்டேன். அதை இங்கே பெரிதுபடுத்தப் போவதில்லை.

ஆக, நடந்தது இவ்வளவுதான். கெட்ட ஜாக்கி என்று தெரிந்தே கொடுத்தேன். எவ்வளவு நேரத்தில் இறங்கும் என்று அளந்து பார்த்துக் கொடுத்தேன். காற்று இறங்க வழிசெய்தேன். கூடப் பிறந்தவன் வண்டிக்கடியில் கிடப்பதைக் கண்ணால் பார்த்துவிட்டுத் தாண்டிப் போனேன், நல்ல ஜாக்கி என் சீட்டுக்கடியில் இருந்தது. இதில் எங்கே கவனக்குறைவு இருக்கிறது என்று செல்லப்பாண்டியே சொல்லட்டும். ஒவ்வொன்றும் கவனமாகச் செய்தது. நல்ல ஜாக்கியை வேண்டுமானால் இப்போதே ஷெட்டுக்கு வந்து பாருங்கள். நிமிர்ந்து நிற்கிறது, ஒரு சொட்டுக் கசிவில்லை. எனவே வயதாகிவிட்டது, கவனிக்கவில்லை என்ற பேச்சைச் சபை திரும்பப் பெற வேண்டும். மற்றபடி என்மீது சொல்ல உங்களுக்கு எதுவும் இருக்காது.

ஏன் எல்லோரும் என்னையே பார்க்கிறீர்கள்? பாண்டீஸ்வரன் மட்டும் தலையைக் குனிந்துகொண்டிருக்கிறான். பிரேக் ஆயில் ஊற்றியதை நினைத்து வெட்கப்படுகிறான் போலிருக்கிறது, பரவாயில்லை.

பெண்கள் பக்கத்திலிருந்து சொர்ணலதா எழுந்து போகிறாள். என் பக்கம் திரும்பவே இல்லை. அண்ணன் பெயருக்கு வந்த களங்கம் நீங்கியதும் அவளுக்கு மனசு ஆறியிருக்கும்.