விசாரிக்க வருகிறவர்கள்

ஓசூரிலிருந்து மத்திகிரி போகும் டவுன் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் ஒரு பெரியவரும் கம்பெனி யூனிபார்ம் போட்ட ஒருவரும் உட்கார்ந்திருந்தார்கள்.

"எம் பையனப் பத்தி விசாரிக்க இனிமே ஆளே வராதுப்பா" என்றார் பெரியவர்.

"நல்லதுதானே மாமா? டெல்லியில நாட்டுப் பாதுகாப்பே அவரு கையிலன்னு டிவியில சொன்னாங்க. அவர யாரு விசாரிக்கறது?"

"வேலைக்குச் சேர்றப்போ மஃப்டியில ரெண்டு பேரு வந்தாங்க. பையன் எப்படி, சகவாசம் எப்படின்னு கேட்டாங்க. அப்புறம் பதவி ஏற ஏற வந்தாங்க. அவங்க வந்தாத்தான் எனக்கே தெரியும், இவன் மேல போறான்னு."

"போன்ல சொல்ல மாட்டாரா?"

"எங்க இருக்கான்னே சொல்லக் கூடாதாம். 'சாப்ட்டியாப்பா'ம்பான், வெச்சிடுவான்."

"வந்தவங்களுக்கு நீ ஊத்துன டீக்கு ஒரு கடையே வெச்சிருக்கலாம் போ!"

"சிரிக்காத. அவங்கம்மா போனப்புறம் அவனப் பத்தி என்கிட்ட யாரு கேக்கறாங்க? விசாரிக்க வர்றவங்கதான் உக்காந்து கேப்பாங்க. களி தின்னு வளந்தது, மாட்டுப்பண்ணை செவுரு ஏறிக் குதிச்சு கைய ஒடிச்சிக்கிட்டது, எல்லாம் சொல்லுவேன். ஒருத்தரு பேனாவ மூடி வெச்சிட்டுக்கூட கேட்டுக்கிட்டிருந்தாரு."

"இப்ப ஏன் வர மாட்டாங்க?"

"அதுக்கு மேல பதவி இல்லியாமே."

யூனிபார்ம்காரர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

பையன் ஒடித்துக்கொண்டது எந்தக் கை என்று கேட்க எனக்கு வாய் வரை வந்தது. அதற்குள் மத்திகிரி வந்து, பெரியவர் கம்பியைப் பிடித்து மெல்ல இறங்கிப் போய்விட்டார்.