சத்தமில்லாத மோட்டார்

அடையாற்றிலிருந்து மயிலாப்பூர் செல்லும் பேருந்தில், என் முன்னிருக்கையில் அறுபதைக் கடந்த தம்பதியர் அமர்ந்திருந்தனர்.

"நீ படகுல ஏறலைன்னா எனக்கு எந்த எஞ்சினும் வேணாம்" என்று கணவர் கூறியதே என் செவியை ஈர்த்தது. முட்டுக்காட்டு நீரில் பொழுதுபோக்காகச் சென்றுவர அவர் ஒரு சிறு படகு வாங்க விழைவதும், அம்மையார் அதற்கு இன்னும் இசையாததும் விரைவில் விளங்கின.

"பெட்ரோல் எஞ்சின்னா பின்னாடி மாட்டிக்கலாம். நல்ல வேகம்" என்றார் கணவர்.

"அந்தச் சத்தத்துல நான் கூப்பிட்டா உங்களுக்குக் கேக்குமா?"

"வீட்டுல மட்டும் கேக்குதா?"

"அதுவும் சரிதான். ஆனா புகை வருமே. எனக்கு வயித்தப் பொரட்டும்."

"அப்ப பேட்டரி மோட்டார். சத்தம் கிடையாது, புகை கிடையாது. ராத்திரி சார்ஜ் போட்டா காலையில கிளம்பிடலாம். இந்தப் படத்தைப் பாரேன்."

அவர் நீட்டிய கைபேசி அக்கணமே அணைந்து போயிற்று.

"போனுக்கே சார்ஜ் போட மறக்குற ஆளு, படகுக்குப் போடுவாராம்!"

கணவர் சன்னலுக்கு வெளியே மந்தைவெளியைப் பார்க்கலானார். அம்மையார் தம் கைப்பையிலிருந்து பவர் பேங்க் ஒன்றை எடுத்து, அவருடைய கைபேசியில் செருகினார்.

"பேட்டரியே வாங்குங்க. சார்ஜ் போடுறது என் வேலை."

"அப்ப நீயும் வரியா?"

"வராம? நடுத் தண்ணியில நின்னுட்டா துடுப்பு போட ஆள் வேணாமா?"

"நீ போடுவியா?"

"நீங்க போடுவீங்க. ஒழுங்கா போடுறீங்களான்னு நான் பார்த்துக்குவேன்."